அடைப்புக்குறிக்குள் போடாத பெயர்

ஜப்பானிய மொழியிலிருந்து ஸ்பானிய மொழிக்குச் சமூகவியல் நூல் ஒன்றை மொழிபெயர்க்க ஆள் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் என் எரிச்சல் விளங்கும். சித்திரக்கதைக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். மோட்டார் இயந்திரத்தின் கைநூலை ஒரே இரவில் முடித்துத் தருவார்கள். ஒரு கரையோரக் கிராமத்தில் மூத்த மகன் ஏன் ஊரைவிட்டுப் போவதில்லை என்று எழுதிய நூலைக் கொடுத்துப் பாருங்கள். ஒருவரும் இல்லை.

நீங்கள் கேட்டது சிறிய கேள்வி. நவம்பர் இரண்டாம் திகதி, இறந்தோர் நினைவு நாளில், உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வருவதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் அப்பாவின் கல்லறையைத் திறந்து எலும்பில் ஒரு பகுதியை ஒக்கினாவாவில் இருக்கும் உங்கள் தாய்வழிக் குடும்பக் கல்லறைக்கு எடுத்துச் செல்ல விரும்புகிறீர்கள். யாரிடம் அனுமதி பெறவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதையே பங்குத்தந்தைக்கும் அனுப்பியிருக்கிறீர்கள். அவர் என்னை அழைத்து, எந்தக் கல்லறை என்று கேட்டார்.

அதற்கு விடை சொல்வதற்கு முன் என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். அது இல்லாமல் விடை விளங்காது.

என் பெயர் கோகுலன் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு கோப்பாயில். பின்னால் வெங்காயத் தோட்டம், முன் அறையில் கணினி. வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்களைத் தேடிக் கொடுப்பதும், அவர்களிடமிருந்து வேலையை வாங்கி அனுப்புவதும் என் தொழில். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஸ்பானிய மொழியும் தெரியாது. கலியாணத் தரகர் தானே தாலி கட்டுவதில்லை. ஆளைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

ஸ்பெயினில் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஜப்பானியச் சமூக ஆய்வு நூல்களை வரிசையாக வெளியிட முடிவு செய்தது. ஆங்கிலம் வழியாக வரக்கூடாது, நேரே வரவேண்டும் என்பது நிபந்தனை. பதிப்பாசிரியை ஒரு சோதனைப் பகுதியை அனுப்பினார். ஒரு கிராமத்தார் தங்கள் கடலை எப்படிப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்பது பற்றியது. நான் அதை உலகம் முழுவதும் அனுப்பினேன்.

பார்சலோனாவில் ஒருவர் தனக்குச் சித்திரக்கதை மட்டுமே பழக்கம் என்றார். ஒசாக்காவில் இருந்த ஒரு பெண்மணி மருத்துவ அறிக்கைகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. பேராசிரியர்கள், தாங்கள் நூல்களை வாசிப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள் அல்லர் என்று மிகவும் நாகரிகமாக எழுதினார்கள். புவனஸ் அயர்ஸில் ஒரு கவிஞர் மீனவர் சங்கத்தைக் காதல் கதையாக்கித் தந்தார். செவில்யாவில் ஒருவர் நன்றாகவே செய்திருந்தார். ஆனால் அந்த நூலின் ஆங்கிலப் பதிப்பில் ஒரு வசனம் விடுபட்டிருந்தது. அவருடைய ஸ்பானியத்திலும் அதே வசனம் விடுபட்டிருந்தது. பதிப்பாசிரியை அதைச் சுட்டிக்காட்டி, இனிப் பொறுக்கமாட்டேன் என்று எழுதினார். நானும் பொறுக்கமுடியாத நிலையில்தான் இருந்தேன். தேடி அலுத்து, தொலைபேசியில் ஆட்களோடு சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தேன்.

அப்படி ஒரு சண்டையின்போதுதான் லூர்த்தம்மா எங்கள் கிணற்றடியில் இருந்து என் மனைவி சுபாஜினிக்கு ஓரா மீன் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொழும்புத்துறையிலிருந்து பேருந்தில் மீன் கொண்டுவந்து கோப்பாயில் விற்பவர்.

“தம்பி ஆரோடை உந்தப் பாய்ச்சல் பாயிறார்?” என்று அவர் கேட்டார்.

“ஆளொண்டு தேடுறார் அக்கா. ஜப்பான் பாஷை தெரியவேணுமாம். ஸ்பானிசும் தெரியவேணுமாம். படிச்ச புத்தகங்களும் விளங்கவேணுமாம்.”

“அதுக்கேன் கத்துவான். எங்கடை தாசன் அண்ணைக்கு ரெண்டும் தெரியுமெல்லே.”

நான் வெளியே வந்தேன். “அக்கா, பகிடி விடுறியளோ?”

“நான் ஏன் தம்பி பகிடி விடுறன். மனுசி அந்தப் பக்கத்து ஆள். சண்டை பிடிக்கிறது ஸ்பானிசிலை, சமாதானம் ஜப்பானிலை. ரெண்டும் தெரியாமல் குடும்பம் நடத்தேலுமோ?” மீனைக் கழுவிவிட்டுச் சொன்னார்: “இப்ப சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. எங்கடை வீட்டு முன் அறையிலை தனிய இருக்கிறார்.”

உலகம் முழுவதும் தேடிய ஆள் என் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவரின் அண்ணன். அதை நினைத்து நான் மகிழவில்லை. இத்தனை மாதங்களை வீணாக்கினேனே என்ற கோபம்தான் வந்தது.

தாசன் அண்ணையாகிய உங்கள் அப்பாவின் கதை உங்களுக்குத் தெரியும். குருநகரில் பிறந்து, கப்பலில் போய், ஜப்பானில் ஒரு தொழிற்சாலை ஊரில் இறங்கியவர். அங்கே பெருவிலிருந்து வந்த ஜப்பானிய வம்சத்தவர்களோடு வேலை செய்து, அவர்களில் ஒருவரைக் கலியாணம் செய்தார். பிறகு, குடியேறிய தொழிலாளரைப் பற்றி ஆராய்ந்த பேராசிரியர் ஒருவர் அவரைத் துணைக்கு எடுத்தார். வீடு வீடாகப் போய் ஸ்பானியத்தில் மனக்குறைகளைக் கேட்டு ஜப்பானியத்தில் எழுதுவது அவருடைய வேலை. சமூகவியலை அவர் சமையலறைகளில் படித்தார். உங்கள் தாயார் உங்களைக் கூட்டிக்கொண்டு பிரிந்துபோன பின், தன் தாயின் செத்தவீட்டுக்கென்று இங்கே வந்தார். திரும்பிப் போக விசா கிடைக்கவில்லை. அப்போது உங்களுக்குப் பதினான்கு வயது.

சோதனைப் பகுதியை அவர் பிந்தித்தான் தந்தார். கூடவே கேள்விகளும் வந்தன. பதிப்பாசிரியை அவற்றைப் பார்த்துவிட்டு உடனே எழுதினார். இவரை எங்கே கண்டுபிடித்தீர்கள், தயவுசெய்து இழந்துவிடாதீர்கள் என்று எழுதியிருந்தார். அந்த வரியை நான் ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டேன். பிறகு நடந்ததையெல்லாம் அந்தக் கட்டளையின் கீழ்தான் பார்க்கவேண்டும்.

அவர் வேலை செய்யும் முறை ஒன்றுண்டு. மற்றவர்கள் நூலை முழுதாக வாசித்துவிட்டுத் தொடங்குவார்கள். அவர் முன்னால் வாசிக்கமாட்டார். ஒரு வசனம் முடிந்த பிறகுதான் அடுத்த வசனத்தைப் பார்ப்பார். ஏன் என்று கேட்டேன்.

“வலையை இழுக்கேக்கை உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு எட்டிப் பாத்துப் பாத்தோ இழுக்கிறது? இழுக்கவேண்டியதுதான். வாறது வரும்.”

இன்னொரு நாள் சொன்னார்: “ஜப்பான்காரன் ஒரு பக்கத்துக்கை மூண்டு தரம் மன்னிப்புக் கேப்பான் தம்பி. ஸ்பானிஸ்காரனுக்கு ஒண்டே கூட. நடுவிலை இருந்து மன்னிப்பைக் கரைக்கிறதுதான் என்ரை வேலை.”

அவரிடம் இருந்தது பழைய பொத்தான் தொலைபேசி. மின்னஞ்சல் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. அவர் பெயரில் ஒரு முகவரி திறந்து நானே பார்த்துக்கொண்டேன். பதிப்பாசிரியை அவருக்கு எழுதுவதெல்லாம் எனக்கு வரும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொழும்புத்துறைக்குப் போய், முடித்த பகுதியை எடுத்து, அடுத்ததைக் கொடுப்பேன். லூர்த்தம்மா தேநீர் தருவார். இரண்டு தொகுதிகள் அப்படிப் போயின. என் வாழ்க்கையில் எரிச்சல் இல்லாமல் வேலை செய்த காலம் அது.

முதல் தொகுதி நடக்கும்போதே அவர் கேட்டார்.

“உமக்கு உலகமெல்லாம் ஆளைத் தெரியுமெல்லே. என்ரை மகளை ஒருக்காத் தேடிப் பாக்கேலாதோ? எழுதினதெல்லாம் திரும்பி வந்திட்டுது. வீடு மாறியிருக்கினம் போலை.”

“தேடுறன் அண்ணை.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும், வேலையைக் கையில் தருவதற்கு முன், ஒன்று கேட்பார்.

“ஏதும் வந்ததோ?”

“இல்லை அண்ணை.”

“சரி. அடுத்ததைத் தாரும்.”

மூன்றாம் தொகுதியின் நடுவில் பதிப்பாசிரியை நீண்ட மின்னஞ்சல் ஒன்று எழுதினார். மொழிபெயர்ப்பாளரை ஓர் ஆண்டு ஸ்பெயினுக்கு அழைத்துத் தங்கவைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வீடு தருவார்கள். விசாவைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும். இனிமேல் அவரோடு நேரே ஒப்பந்தம் செய்ய விரும்புகிறார்கள். அவருடைய தொலைபேசி இலக்கம் வேண்டும். நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று முடித்திருந்தார்.

புரிந்துகொண்டேன். நான் அதை ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். அவருக்குச் சலரோகம். அங்கே குளிர். லூர்த்தம்மாவைவிட்டால் சமைத்துக் கொடுக்க ஆளில்லை. அதைவிட, அவர் போனால் மற்றப் பதிப்பகங்களுக்கு அவரைக் கொண்டு நான் ஒப்புக்கொண்டிருந்த வேலைகள் நின்றுவிடும். திரும்பவும் சோதனைப் பகுதியை எடுத்துக்கொண்டு புவனஸ் அயர்ஸ் கவிஞருக்கு எழுதவேண்டும் என்ற நினைப்பே எனக்குத் தாங்கவில்லை.

பதிப்பகத்துக்குத் தாசன் அண்ணையைக் கனிசியஸ் என்ற பதிவுப் பெயரில்தான் தெரியும். கனிசியஸ் கடந்த வாரம் மாரடைப்பால் காலமானார் என்று பதில் எழுதினேன். மூன்றாம் தொகுதியை அவர் முடித்துவைத்துவிட்டுத்தான் போனார் என்றும் எழுதினேன். அது சரியல்ல. இன்னும் சில அத்தியாயங்கள் இருந்தன. அவை வழமைபோல வெள்ளிக்கிழமைகளில் வந்தன.

பதிப்பாசிரியை நல்ல மனுஷி. தொகுதியின் முதற்பக்கத்தில் நினைவுக்குறிப்பு ஒன்று போடவேண்டும், பிறந்த இடம், இறந்த திகதி வேண்டும் என்று கேட்டார். அனுதாபம் தெரிவிக்கக் குடும்பத்தாரின் முகவரியும் கேட்டார். இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால் எங்கே போய் முடியும். ஒரேயடியாக முடித்துவைக்க நினைத்தேன்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தார் என்றால் மரண அறிவித்தல் வரவேண்டும். வானொலியில் வரும், இணையத்தில் வரும். கனடாவிலும் நோர்வேயிலும் இருப்பவர்கள் காலையில் எழும்பி முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அதற்கென்று ஒரு வசனநடை உண்டு. இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கும். இணையத்தளம் ஒன்றில் போட்டேன். குருநகரைப் பிறப்பிடமாகவும், ஜப்பானை முன்னாள் வசிப்பிடமாகவும் கொண்ட மரியாம்பிள்ளை கனிசியஸ் அவர்கள் காலமானார். ஆங்கிலத்திலும் போட்டேன். அவருடைய பழைய கப்பல் அடையாள அட்டையில் இருந்த படத்தைப் போட்டேன். சுருள் முடி, மெல்லிய மீசை. மரண அறிவித்தல்களில் இளவயதுப் படம் போடுவது இங்கே வழக்கம். யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை.

ஒன்றைமட்டும் போடவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஞானஸ்நானத்திலோ பதிவிலோ ஒரு பெயர் இருக்கும், ஊர் கூப்பிடும் பெயர் வேறாக இருக்கும். முழுப்பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருக்கே ஆளைத் தெரியாது. அதனால் அறிவித்தலில் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், கூப்பிடும் பெயரையும் போடுவார்கள். அதைப் பார்த்துத்தான் ஊர் துக்கம் விசாரிக்க வரும். நான் தாசன் என்று போடவில்லை. குருநகரிலும் கொழும்புத்துறையிலும் அந்த அறிவித்தலைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆரோ ஒரு கனிசியஸ் என்று கடந்து போனார்கள். லூர்த்தம்மாவின் மகன் பிரான்சில் இருந்து பார்த்திருக்கக்கூடும். அவனுக்கும் அவர் தாசன் மாமாதான்.

முழுப்பெயரால் மட்டும் அவரை அறிந்தவர்கள் இந்த உலகத்தில் மிகச் சிலர். பதிப்பாசிரியை ஒருவர். நீங்கள் இன்னொருவர்.

மூன்றாம் தொகுதி நினைவுக்குறிப்போடு வெளிவந்தது. அதை நான் அவருக்குக் காட்டவில்லை. சுங்கத்தில் பொதி நிற்கிறது என்றேன்.

“உந்தச் சுங்கக்காரருக்குச் சமூகவியலிலை என்ன அவ்வளவு விருப்பம்?” என்றார்.

நான்காம் தொகுதிக்கு மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு பெயர் வேண்டியிருந்தது. கனிசியஸிடம் பயின்ற மாணவி என்று சொல்லி என் மனைவியின் பெயரைக் கொடுத்தேன். அவர் ஆரம்பப் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கிறார். பதிப்பாசிரியை அனுப்பிய அட்டைப்படத்தைத் தற்செயலாகப் பார்த்துவிட்டார்.

“என்ரை பேரை ஏனப்பா போட்டனியள்? எனக்கு ஸ்பெயின் எங்கை கிடக்கெண்டே தெரியாது.”

“தாசன் அண்ணைக்குத் தன்ரை பேர் வாறது விருப்பமில்லையாம்.”

“நல்ல கூத்து. ஆரும் வந்து ஸ்பானிசிலை கதைச்சால் நான் சரிகமபதநி சொல்லிப்போட்டு வருவன்.”

பதிப்பாசிரியைக்கு நடை மாறாதது வியப்பாக இருந்தது. நல்ல குரு என்று எழுதினார்.

அப்போதுதான் நீங்கள் அழைத்தீர்கள். லீமாவில் நீங்கள் வேலை செய்யும் நூலகத்துக்கு மூன்றாம் தொகுதி வந்திருக்கிறது. பதிவு செய்யத் திறந்தபோது முதற்பக்கத்தில் அப்பாவின் பெயர். பெயரைத் தேடியபோது மரண அறிவித்தல். அறிவித்தலின் கடைசியில் தொடர்புகளுக்கு என்று ஓர் இலக்கம் கட்டாயம் இருக்கும். இல்லாவிட்டால் இணையத்தளத்தார் ஏற்கமாட்டார்கள். என் இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தேன்.

நீங்கள் ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினீர்கள். அவர் துன்பப்பட்டாரா என்று கேட்டீர்கள். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தவறுதலாக வந்த அறிவித்தல் என்று சொல்லியிருந்தால் நீங்கள் சந்தோஷத்தில் வேறெதையும் கேட்டிருக்கமாட்டீர்கள். நான் அதை யோசித்தேன். ஆனால் அப்போது நாங்கள் நான்காம் தொகுதியின் நடுவில் இருந்தோம். இல்லை, துன்பப்படவில்லை என்று சொன்னேன்.

கல்லறையைப் பார்க்க வருகிறேன் என்றீர்கள்.

நீங்கள் வருவதற்கு முதல்நாள் நான் கத்தோலிக்கரின் கல்லறைத் தோட்டமான சேமக்காலைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் முறை. நாங்கள் சைவக்காரர். எங்களுக்குச் சுடலை. எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டால் பிறகு அங்கே போவதில்லை. பெண்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். சேமக்காலையும் அப்படித்தான், நினைவு நாளுக்கு மட்டும் ஆட்கள் வருவார்கள் என்று நினைத்தேன். மதில் ஓரமாக ஒரு மரச்சிலுவை நின்றது. மழையில் பெயர் கழுவுண்டு போயிருந்தது. அது யாருடையது என்று நான் விசாரிக்கவில்லை. அது என் பிழை. கத்தோலிக்கர் சாதாரண நாட்களிலும் பூங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வருவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நீங்கள் மண்ணில் முழந்தாளிட்டு மெழுகுதிரி ஏற்றினீர்கள். காற்றில் அது நிற்கவில்லை. அப்போது வாளியோடு ஒரு பெண் வந்தார். அவர் பெயர் றோஸ். கடலில் இறந்துபோன மகனை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்.

“ஆர் தம்பி இந்தப் பிள்ளை? என்ரை ஜஸ்ரின்ரை குழியடியிலை இருந்து ஏன் அழுறா?”

நான் பதிலை யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்.

“உவன் முந்திக் கப்பலிலை போய் வந்தவனெல்லே. ஒரு சொல்லுச் சொல்லேல்லை, கள்ளன்.” வாளியை வைத்துவிட்டு உங்கள் தலையைத் தடவினார். “கலியாணச் சடங்கு முடிச்சவையோ தம்பி?”

“எனக்குத் தெரியாது அம்மா” என்றேன்.

“தெரியாட்டில் விடும். இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே, அது காணும்.”

கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றி உங்கள் கையில் வைத்து மூடினார். அது அவருடைய மகன் போட்டிருந்தது. இவர் யார் என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். உங்கள் அப்பாவின் உறவுக்காரி என்றேன். அவருக்கு அப்பாவின் கண்கள் என்று சொல்லி அவரைக் கட்டிப்பிடித்தீர்கள். இருவரும் நெடுநேரம் அழுதீர்கள். நான் தடுக்கவில்லை. இருவருக்கும் அது தேவையாக இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் இருந்த வீட்டைக் காட்டும்படி கேட்டீர்கள். பூட்டிக் கிடக்கிறது, தங்கை கனடா போய்விட்டார் என்றேன். குருநகர் இறங்குதுறையைக் காட்டினேன். படகுகளைப் படமெடுத்தீர்கள். மாலையில் உங்களைப் புகையிரத நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது, வழியில், பாண் பையைக் கொழுவிக்கொண்டு சைக்கிளில் வந்த ஒரு வயதானவர் என் காரைக் கண்டு கையைக் காட்டினார். நானும் கையைக் காட்டினேன். யார் என்று கேட்டீர்கள். எங்களோடு வேலை செய்பவர் என்றேன். நீங்களும் கண்ணாடிக்குள்ளால் கையை அசைத்தீர்கள். அவர் சிரித்தார். சுருள் முடி இப்போது இல்லை. மீசையும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் கேட்டார்.

“அண்டைக்குக் காருக்கை ஆர் அந்தப் பிள்ளை?”

“ஒரு கிளையன்ற் அண்ணை.”

“வடிவான பிள்ளை. என்ரை நவோமிக்கும் உந்த வயசுதான் வரும்.” வேலையைக் கையில் எடுத்தார். “ஏதும் வந்ததோ?”

“இல்லை அண்ணை.”

“சரி. அடுத்ததைத் தாரும்.”

இன்னொன்றையும் சொல்லவேண்டும், நவோமி. அந்த அறிவித்தல் பதிப்பாசிரியைக்காகத்தான் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது முழுவதும் சரியல்ல. அவர் உங்களைத் தேடித் தரும்படி கேட்ட அதே வாரம் நான் உங்களைக் கண்டுபிடித்துவிட்டேன். லீமா, நூலகம், உங்கள் படம், எல்லாம். ஆளைக் கண்டுபிடிப்பது என் தொழில். ஜப்பானிய மொழியும் ஸ்பானிய மொழியும் சமூகவியலும் தெரிந்த ஒருவரோடு ஒப்பிட்டால் நீங்கள் மிகச் சுலபம். மகள் லீமாவில் இருக்கிறாள் என்று தெரிந்தால் அவர் போய்விடுவார். பதிப்பாசிரியை கேட்டதும் அதுவேதான், இழந்துவிடாதீர்கள். ஆகவே, அறிவித்தலைப் போடும்போது உங்கள் கண்ணில் படக்கூடும் என்று நான் நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். பட்டால், தேடுவது இரண்டு பக்கமும் நின்றுவிடும் என்று நினைத்தேன். இவ்வளவு பாசமாக நேரில் வருவீர்கள் என்றுதான் எதிர்பார்க்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை இது. எலும்பு எடுக்க அனுமதி கிடைக்காது. அது ஜஸ்ரினுடைய கல்லறை. மதிலோரக் கல்லறை என்று நான் சொன்னதால் பங்குத்தந்தை றோஸிடம் கேட்டிருக்கிறார், அவரும் சம்மதித்திருக்கிறார், அதையும் சொல்லவேண்டும். மருமகள் பிள்ளையோடு வருகிறாள், ஒரு பங்கை அவள் கொண்டுபோகட்டும் என்றாராம். உங்கள் மகனுக்கு உடுப்புத் தைக்கக் கொடுத்திருக்கிறார். இது அளவுமீறிப் போய்விட்டது. பொய்யான எலும்பை ஒருவர் கையில் கொடுத்தனுப்பும் அளவுக்கு நான் மோசமானவன் அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் புகையிரத நேரம் கேட்கத்தான் காணும். இதை நான் தமிழில்தான் ஒழுங்காகச் சொல்லமுடியும், நீங்கள் ஸ்பானியத்தில்தான் ஒழுங்காக வாசிக்கமுடியும். இயந்திரத்துக்குக் கொடுத்துப் பார்த்தேன். வந்த ஆங்கிலம் வங்கி அனுப்பும் கடிதம் போல இருந்தது, ஸ்பானியம் அதைவிட நன்றாக இருக்கும் என்று நம்பக் காரணமில்லை. இப்படியான விடயத்தில் தரம் முக்கியம். தமிழிலிருந்து ஸ்பானியத்துக்கு ஆள் தேடினேன். பழைய கதைதான். ஒருவர் சமையல் குறிப்பு மட்டும் செய்வாராம். ஒருவர் பதிலே போடவில்லை. முறையாகச் செய்யக்கூடிய ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

இந்த வெள்ளிக்கிழமை வழமைபோல இதை அவரிடம் கொடுப்பேன். கட்டுரை என்று சொல்வேன். தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் தேடுவதைப் பற்றி எழுதியிருப்பதால் அவர் சிரித்துக்கொண்டே தொடங்குவார். தன் பெயர் வரும் இடத்தில் சற்று நிற்பார். உங்கள் பெயர் வரும் இடத்திலும் நிற்பார். ஆனால் வசனத்தை இடையில் விட்டு எழும்புகிறவர் அல்ல அவர். இத்தனை ஆண்டுகளில் ஒரு வரிகூட விட்டதில்லை.

தாசன் அண்ணை, இந்த வரிக்கு வந்திருந்தால் மேலே உள்ளதெல்லாவற்றையும் நீங்கள் ஏற்கெனவே ஸ்பானியத்தில் எழுதி முடித்திருப்பீர்கள். மன்னிப்புக் கேட்கும் வசனம் ஒன்றும் நான் வைக்கவில்லை. உங்களுக்குக் கரைக்கும் வேலை மிச்சம். இதை வேறு யாரிடமும் கொடுக்கவேண்டாம். மகளின் முகவரி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சரிபார்த்து நானே அனுப்பிவிடுகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து எடுக்கிறேன். ஏழாம் தொகுதியும் வந்துவிட்டது. கையோடு கொண்டுவருகிறேன்.